கெசியாவின் தலையில் வைத்த கைகள்

1908ஆம் வருஷம் ஜூன் மாதம் இரண்டாம் புதன்கிழமை மத்தியானம், கிருபாபுரம் உபதேசியார் ஞானாபரணம் தம் வீட்டில் தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய இடது கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அறைந்தவர் யாருமில்லை. கஞ்சிச் சட்டி உருண்டு கவிழ்ந்தது. எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தார். நான்கு விரல்களின் தடம் சிவந்து தடித்திருந்தது. மோதிரம் பட்ட இடத்தில் 'தே' என்ற எழுத்து இடம் வலமாகப் புரண்டு பதிந்திருந்தது. அதே நேரத்தில், இரண்டு தெரு தள்ளி, வாழைத் தோட்டக்காரன் தேவசிகாமணி குழம்பு ஆறிப்போனதற்காகத் தன் பெண்டாட்டி கெசியாவை அறைந்திருந்தான். கெசியாவுக்கு வலிக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பாயைத் தட்டுகிற மாதிரி இருந்தது என்று அவள் பிற்பாடு சொன்னாள்.

கிருபாபுரம் ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே தென்கால் பாய்கிற ஊர். எழுபது வீடுகள், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம். எல்லாரும் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். கால்வாயில் தண்ணீர் குறைகிற மாதங்களில் வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். யாருடைய முறை எப்போது வரும் என்பது ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை குருவானவர் வண்டியில் வந்து திருவிருந்து கொடுப்பார். பிணங்கி நிற்கிற புருஷன் பெண்டாட்டிக்கு அதில் இடமில்லை. ஆகையால் கோபித்துக்கொண்டு தாய்வீடு வந்த பெண்ணைத் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை கோயில் வாசலில் முழங்காலில் நிறுத்தி, அவளைத் திருப்பி அனுப்புகிறவர்கள் ஒவ்வொருவராக அவள் தலையில் கை வைத்து "சமாதானமாய்ப் போ" என்பார்கள். வேறு ஊர்களில் இந்த வழக்கம் உண்டா என்று தெரியவில்லை. இங்கே நாற்பது வருஷமாக நடந்துவந்தது. அனுப்புகிறவர்கள்தான் கை வைப்பார்கள். அழைத்துப்போகிறவன் கை வைப்பதில்லை. அவன் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக நிற்பான்.

கெசியா வெற்றிலைக் கொடிக்கால் தானியேலின் இளைய மகள். பாளையங்கோட்டை போர்டிங்கில் எட்டு வருஷம் படித்தவள். தேவசிகாமணி மூன்றாம் வகுப்போடு நின்றவன். அவள் கோயிலில் வாசித்ததைக் கேட்டுத்தான் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். 1906 தை மாதம் கல்யாணம். முதல் இரண்டு வருஷமும் அப்படி ஒரு ஜோடி ஊரில் இல்லை என்றுதான் பேச்சு. தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவியதும் அவளை எதையாவது வாசிக்கச் சொல்லி, வாழைநார் கிழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பான். உடன்குடிக்குப் போனால் சில்லுக்கருப்பட்டி வாங்கிவந்து முதல் துண்டை அவள் வாயில் போட்ட பிறகுதான் தாய்க்குக் கொடுப்பான். அவளுடைய படிப்பு வீட்டுக்குள் இருந்தவரைக்கும் அவனுக்குப் பெருமையாக இருந்தது. 1908 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உபதேசியார் தொண்டை கட்டிக்கொண்டு, பழைய ஏற்பாட்டுப் பாடத்தை வாசிக்கச் சொல்லித் தேவசிகாமணியை எழுப்பிவிட்டார். அந்த அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் என்ற ராஜாவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று தடவை அவன் நாக்கு அதில் இடறியது. நான்காம் தடவை பெண்கள் பக்கத்திலிருந்து கெசியா, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்கிற பழக்கத்தில், அந்தப் பெயரை மெல்லச் சொன்னாள். கோயிலில் சிரிப்பு எழுந்து அடங்கியது. பெரிய சிரிப்பு ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் மூப்பர் வேதமாணிக்கம் அவன் தோளில் தட்டி, "என்னவே, உம்ம வீட்டுல யாரு வேட்டி கட்டுதா, யாரு சேலை கட்டுதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் இரண்டாம் தடவை சிரித்தார்கள். அன்று மத்தியானம் தேவசிகாமணி கெசியாவின் வலது கைச் சுண்டுவிரலை அம்மிமேல் வைத்துக் குழவியால் நசுக்கினான். சாயங்காலம் அவனே வைத்தியனைக் கூட்டிவந்து கட்டுப்போடச் செய்து, அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்து வந்ததும் அடித்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் அழுதான். ஆறாவது ஞாயிறு அவள் முன்பல் இரண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு தகப்பன் வீட்டுக்கு நடந்து வந்தாள்.

தானியேல் பெண்டாட்டியை இழந்தவர். மகளை வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை இருந்தது. ஆனால் சபைக்கு அடங்காத வீட்டைப் புறம்பாக்குவார்கள். அந்த வீட்டுச் சாவுக்கு மணி அடிக்காது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அவருடைய மூத்த மருமகன் தேவதாசனுக்கு வேலை போகும். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை கெசியா கோயில் வாசலில் முழங்காலில் நின்றாள். முதலில் உபதேசியார் கை வைத்தார். அடுத்து மூப்பர் வேதமாணிக்கம். மூன்றாவது மாமியார் பாக்கியத்தாய். நான்காவது தானியேல். ஐந்தாவது கை கெசியாவின் அக்காள் யூனிசுடையது. இதை எழுதுவதும் அந்தக் கைதான்.

முதல் அறைக்கு மறுநாள் மூப்பர் வேதமாணிக்கம் நெல் அளக்கிற இடத்தில் முதுகில் மிதி வாங்கிக் குவியலில் குப்புற விழுந்தார். சனிக்கிழமை பாக்கியத்தாய் அடுத்த அறையில் முறத்தோடு சுவரில் போய் மோதினாள். மகன் அடித்தது பெண்டாட்டியைத்தான், அலறியது தாய். திங்கட்கிழமை தானியேல் கொடிக்காலில் ஏணியிலிருந்து விழுந்தார். புதன்கிழமை நான் கிணற்றடியில் நின்றேன். காதைச் சேர்த்து விழுந்த அறையில் வாளி கையைவிட்டுப் போய்விட்டது. அதற்கடுத்த அடி மறுபடியும் உபதேசியாருக்கு. கை வைத்த வரிசையில் ஒருவர் தப்பாமல் அடி சுற்றி வந்தது. ஜூலை மாதம் ஐந்து பேரும் கோயிலில் கூடினோம். அடியைவிட, அது எப்படி வருகிறது என்று புரியாததுதான் எல்லாரையும் பயமுறுத்திக்கொண்டிருந்தது. வேதமாணிக்கம் விரல்விட்டு எண்ணிச் சொன்னதும் பயம் பாதி தீர்ந்தது.

"நேத்து தானியேல் அண்ணாச்சிக்கு, இன்னைக்கு யூனிசுக்கு. அடுத்தது உமக்கு, அதுக்கடுத்தது எனக்கு. தென்கால் தண்ணி மாதிரி முறையாத்தான் வருது, ஒண்ணும் கொழப்பமில்ல" என்றார் அவர்.

உபதேசியார், "எனக்கு என்னைக்கு வே? பிரசங்கம் இருக்குல்லா?" என்று கேட்டார்.

"அவன் கோவத்தப் பொறுத்து."

அவளைக் கூட்டிவந்துவிட்டால் யாருக்கும் அடி இல்லையே என்று நான் சொன்னேன். வேதமாணிக்கம் என்னைப் பார்க்காமல் என் தகப்பனாரைப் பார்த்துச் சொன்னார். "இவளுக்குக் கதவத் தொறந்து விட்டா எழுவது வீட்டுலயும் கதவு தொறக்கும், அண்ணாச்சி. பெறவு ஊர்ல யாரு சோறு பொங்குவா?"

பாக்கியத்தாய்தான் முதலில் கையை எடுத்தாள். அதற்கு முன்பு உடன்குடியில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். தூரம் ஒன்றும் செய்யவில்லை. இருபது மைலுக்கு அப்பால், கருப்பட்டி காய்ச்சுகிற தாச்சிக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு மகனுடைய முழங்கை வாயில் இடித்தது. ஒரு பல் பாகில் விழுந்தது. ஆகஸ்ட் திருவிருந்தில் அவள் சபை நடுவே எழுந்து, கெசியாவின் தலையைத் தொட்டு, "எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிக் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் மூன்றாவது அடி கெசியாவுக்கே வலித்தது. அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது, எடுக்கிற கையின் இடம் காலியாகும், காலியான முறை அவளுக்குப் போகும் என்று. அன்றைக்கு அவளுக்கு இடது புருவம் கிழிந்தது.

மிஞ்சிய நான்கு பேரும் தேவசிகாமணியைச் சந்தோஷப்படுத்துவது என்று முடிவு செய்தோம். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாடம் வாசிக்க அவனையே எழுப்பினார்கள். அவன் எந்த ராஜாவை எப்படி உச்சரித்தாலும் சபை தலையை ஆட்டியது. எசேக்கியாவை அவன் மூன்று விதமாக வாசித்தான். மூன்றுக்கும் ஆமென் சொன்னார்கள். வாசிப்பு முடிந்து வெளியே வந்தால், "இன்னைக்குக் கணீர்னு இருந்துச்சு வே" என்று வேதமாணிக்கம் கையைப் பிடிப்பார். அடி நின்றது. வீட்டில் மறுபடியும் வாழைநார் கிழிக்கிற சத்தமும் கெசியா வாசிக்கிற சத்தமும் கேட்டன. சில்லுக்கருப்பட்டி வந்தது. ஒருநாள் அவள் பேன் பார்க்க என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தபோது சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காவ. ஊரே சேந்துல்லா அவியளுக்கு வாக்கப்பட்டிருக்கு. நான் ஒருத்தி மட்டும்னா எப்படித் தாங்கும்?" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு, "அடிக்கும்போது வலிக்கலேன்னு சொன்னேம்லா அக்கா, அப்பம் எனக்குச் சிரிப்பு சிரிப்பா வரும். உங்களுக்கு வலிக்குமேன்னு நெனச்சு அழுதுருவேன். நான் அழுதா ஒண்ணோட விட்டுருவாவ" என்றாள். மற்றவர்களுக்கு விழுகிற அடிக்கு அவள் வாய்விட்டு அலறியிருக்கிறாள். அது எங்களுக்கு அதுவரை தெரியாது.

ஆறு மாதம் அப்படிப் போனது. 1909 பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒரு துரைசானி வந்து ஞாயிற்றுக்கிழமையும் தங்கினாள். தேவசிகாமணி கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு வாசித்தான். அந்த அம்மாள் நல்லவள். தமிழ் நன்றாகத் தெரிந்தவள். அவன் இரண்டு வசனம் வாசித்ததும் எழுந்து, கனிவாக, அவன் கையிலிருந்த வேதாகமத்தை வாங்கி, பெண்கள் பக்கம் பார்த்து, போர்டிங்கில் படித்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். எழுபது வீட்டுத் தலைகளும் கெசியாவின் பக்கம் திரும்பின. அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருந்தது போதவில்லை.

அந்தச் சுற்றில் உபதேசியாருக்கு இடது காது போனது; உயிரோடு இருந்தவரை அந்தக் காதில் மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேதமாணிக்கத்துக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அவர் சனிக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து பெண்டாட்டி சாலோமியை அடிக்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக அதைத் தவறவிட்டதில்லை. எலும்பு முறிந்து பாயில் கிடந்தவருக்குச் சாலோமி தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். நான் பார்க்கப் போயிருந்தேன்.

"வலிக்குதோ?" என்று அவள் கேட்டாள். அவர் கண்ணில் நீர் வழியத் தலையை ஆட்டினார். "புதுசுல அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிரும்" என்றாள், துணியைத் திருப்பி வைத்துக்கொண்டே. அதன் பிறகு அவர் அவளைத் தொடவில்லை. ஏப்ரல் திருவிருந்தில் கையையும் எடுத்துக்கொண்டார். ஜூலையில் உபதேசியார் எடுத்துக்கொண்டு, காதைக் காரணம் காட்டிக் கடற்கரைப் பக்கத்துச் சபைக்கு மாறிப் போனார். ஐந்தில் மூன்று முறை இப்போது கெசியாவுடையது. தனக்கு வலித்த அடிகளுக்கு அவள் சத்தம் போடுவதில்லை. சாலோமியின் வீடு அடுத்த வீடு. சுவர் வழியாக எண்ணுகிறவள் அவள்தான். அழுகை கேட்டால் அது தானியேலுக்கோ எனக்கோ உள்ளது, ஒன்றும் கேட்காவிட்டால் அவளுக்கு உள்ளது என்று அவள் எண்ணிக்கொள்வாள்.

என் வீட்டுக்காரர் தேவதாசன் வாத்தியார் பொறுமைசாலி. சமையல் தெரியாமல் நான் கல்லும் மண்ணுமாகப் பொங்கின முதல் வருஷம், சோற்றில் கிடைத்த கற்களைச் சிரட்டையில் சேர்த்துவைத்து வீடு கட்டப்போகிறேன் என்று சிரித்தவர். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அவர்தான் முதலில் சிரிப்பார். அதனாலேயே சண்டை நீளாது. அப்படிப்பட்டவருக்கு, இன்னொருவன் விரல் என் கன்னத்தில் பதிந்திருப்பதைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று ஊர்க்காரர்கள், "வாத்தியாரே, ரெண்டு பேரு சேந்து ஒரு பெண்டாட்டிய அடிக்கேரோ?" என்று கேலி செய்தார்கள். அவர் தேவசிகாமணியின் தோட்டத்துக்குப் போய்க் கைகூப்பி நின்றார். தேவசிகாமணி அழுதுகொண்டே, "கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரியல, அண்ணே. கை தானாப் போவுது" என்றான். அது பொய் என்பதைச் சாலோமி கண்டுபிடித்தாள். நான்காவது அடியை மட்டும் அவன் எப்போதும் மெல்ல வைக்கிறான் என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவளுக்குத் தெரிந்திருந்தது. நான்காவது தானியேலுடையது; மாமனார் என்ற மரியாதை. கண் தெரியாதவனுக்கு எண்ணத் தெரிந்திருந்தது.

1909 டிசம்பரில் எனக்கு எட்டு மாதம். அந்த மாதம் அவன் கை நீட்டுவதை விட்டுவிட்டுக் காலால் உதைக்கத் தொடங்கியிருந்தான். திருவிருந்துக்கு முந்தின நாள் கெசியா வந்தாள். "அக்கா, நாளைக்குக் கைய எடுத்துரு" என்றாள். "பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அத்தான் முகத்துல எப்படி முழிப்பேன்? எடுத்துரு. நான் சமாளிச்சுக்கிடுவேன்" என்றாள். மறுநாள் சபை நடுவே அவள் தலையைத் தொட்டு என் கையை எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது முறை புதன்கிழமை வந்தது. அந்த உதை அடிவயிற்றில் விழுந்தது. அவளும் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்; அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் எல்லாம் முடிந்துபோனது. ஜனவரி நான்காம் தேதி எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆறரை ராத்தல் எடை. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

தானியேல் கையை எடுக்கவில்லை. அவர் அதிகம் பேசுகிறவரில்லை. குழந்தையைப் பார்க்க வந்தபோதுகூட அதன் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். 1910 மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை சாலோமி கொடிக்காலுக்குப் போய், "மூணு ஆயிட்டு அண்ணாச்சி. மூணும் அவளுக்கு. சத்தமே இல்ல. அடுத்தது உமக்கு" என்றாள். அவர் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். தேவதாசனிடம், "மாப்ள, நான் அவளக் கூட்டிட்டு வரப்போறேன். உமக்கு வேலை போயிரும்" என்றார். தேவதாசன், "போனாப் போவுது மாமா. வண்டிய நான் கட்டட்டுமா?" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான்காவது முறைக்கும் ஐந்தாவது முறைக்கும் இடையில் அவளை வாசலுக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும், வழியில் விழுகிற ஒரு அடி தன்னுடையதாக இருக்கும், அதுவும் மெல்லத்தான் விழும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கணக்கில் தவறு இல்லை. தெரு மட்டும் அதில் இல்லை.

வண்டி தேவசிகாமணி வீட்டு வாசலில் நின்றதும் தெரு கூடிவிட்டது. நான் பிள்ளையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தானியேல் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கெசியா நடையைத் தாண்டி வெளியே வந்திருந்தாள்.

"மாப்ள, பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். அடுத்தது எனக்குள்ளது. அத இப்பமே குடுத்திரும். வாங்கிக்கிட்டு நாங்க பைய போயிருதோம்" என்றார் அவர்.

தேவசிகாமணி, "போங்க மாமா, உள்ள வந்து உக்காந்து பேசுவோம்" என்றான். அவன் குரல் தணிவாகத்தான் இருந்தது. அப்போது கூட்டத்திலிருந்து யாரோ, "மாமனாரு முறை கேட்டு வண்டியில வந்திருக்காரு, குடுத்து அனுப்பும் வே" என்றார்கள். கூட்டம் சிரித்தது. கோயிலில் எழுந்த சிரிப்பைவிட இது சின்னது. தேவசிகாமணி தாழ்வாரத்தில் செருகியிருந்த, வாழைக்குலை வெட்டுகிற அரிவாளை உருவிக் கெசியாவின் இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இறக்கினான். அவளுடைய சேலையில் ஒரு நூல் அறவில்லை. மூன்று கஜம் தள்ளி நின்ற தானியேல், "வண்டியில ஏறு மக்கா" என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். தோள் திறந்து கிடந்தது. தலைப்பாகையை எடுத்து அதில் அமுக்கப் பார்த்தார். கை பாதியில் நின்றுவிட்டது.

சிரித்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். அடுத்தது ஐந்தாவது, நான் எடுத்துவிட்ட இடம், கெசியாவுக்கு உள்ளது. எல்லாருக்கும் அது தெரியும். தேவசிகாமணிக்கும் தெரியும். நான் கையை நீட்டிக்கொண்டு அவளை நோக்கி ஓடினேன், எட்டவில்லை. கெசியா வண்டிப் பக்கம் போகவில்லை. அவனுக்கு மிக அருகில் போய், அவனுடைய இடது கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். "நீங்களும் வைங்க" என்றாள். நாற்பது வருஷத்தில் கிருபாபுரத்தில் யாருக்கும் தோன்றாத காரியம் அது. அவன் வலது கை ஏற்கெனவே உயர்ந்துவிட்டது. அரிவாள் அவள் கழுத்தில் பட்டது. தேவசிகாமணியின் கழுத்து பிளந்தது. அப்போதும் அவன் இடது கை அவள் தலையில்தான் இருந்தது. அவள் அதை மெல்ல இறக்கி, அவன் உடம்பைத் தாங்கித் தரையில் கிடத்தினாள். சாயங்காலம் வரைக்கும் அவன் உயிரோடு இருந்தான். அவன் வாயில் அவள் தண்ணீர் ஊற்றினாள். ஒரு தடவை கண்ணைத் திறந்து, வாசிக்கச் சொல்கிற மாதிரி உதட்டை அசைத்தான். அவள் வாசிக்கவில்லை.

தாலுகாவிலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் நடந்ததை நடந்தபடியே கேட்டுக்கொண்டு, மாமனாரும் மருமகனும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதாக எழுதினார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். வேதமாணிக்கம் இடது கையால் போட்டார். வலது கை அந்தக் கழுத்தெலும்புக்குப் பிறகு எழுதுவதற்கு எழும்பவில்லை. தானியேலுக்கு மணி அடித்தது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் கெசியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையில் என் கையை வைத்தேன். அவள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இங்கன இருக்கட்டும்" என்றாள்.

கெசியா எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். இடறுகிற பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்க மாட்டாள். அதுவாகச் சொல்லும்வரை காத்திருப்பாள். 1918 விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். அதே வாரத்தில் என் வீட்டுக்காரரும் போனார். வேதமாணிக்கமும் பாக்கியத்தாயும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். உபதேசியார் கடற்கரையிலேயே அடங்கினார்.

1910 மே மாதம் சபை கூடி வழக்கத்தைத் திருத்தியது. அதிக விவாதம் நடக்கவில்லை. கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை அனுப்பும்போது புருஷன் முதலில் கை வைக்க வேண்டும்; கை வைக்க மனமில்லாதவனுடன் அனுப்புவதில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணத்திலும் அதைச் சேர்த்தார்கள். தாலி கட்டியதும் மாப்பிள்ளை பெண்ணின் தலையில் கை வைக்கிறான், வேறு யாரும் வைப்பதில்லை. அதிலிருந்து இந்த ஊரில் திங்கட்கிழமை காலையில் தென்காலில் குளிக்க வருகிற ஆண்களில் ஒருவருக்கோ இருவருக்கோ கன்னம் வீங்கியிருக்கும், உதடு கிழிந்திருக்கும். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சாலோமி தவிடு விற்கிறாள். வியாபாரம் முதல் நான்கைந்து வருஷம் நன்றாக இருந்தது, இப்போது குறைவு. சென்ற ஆவணியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கையைத் தூக்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான். பெண் குனிந்தபடி இருந்தாள். அவன் தன் கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் கையைப் பார்த்தான். குருவானவர் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டார். பந்தலில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை; சோறு ஆறிவிடாதா என்று சமையற்கட்டிலிருந்து ஒரு தடவை கேட்டுவிட்டார்கள். வெகுநேரம் கழித்து அவன் கையை வைத்தான். திங்கட்கிழமை அவன் குளிக்க வந்தானா, முகம் எப்படி இருந்தது என்று பார்க்க யாரும் காத்திருக்கவில்லை. அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை.